கூண்டின் தரையும் உள்ளத்தின் தூய்மையும்

அருகப் பெருமான் திருவடி போற்றி!

 

தசலட்சணப் பருவத்தின் பத்து நாட்களிலும் நாளுக்கோர் அறமாக எடுத்துச் சிந்திப்பது நம்மவர் மரபு. பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரமசரியம் என்னும் அப்பத்தினுள், தூய்மையாகிய சௌசத்தைக் குறித்துத் தாம்பரத்தில் ஓர் அன்பரின் இல்லத்தில் நாம் சிறிது நேரம் பேச நேர்ந்தது. பேச்சு முடிந்து அனைவரும் எழுந்த வேளையில் இளந்தாய் ஒருவர் தயங்கியவாறே அருகில் வந்தார்.

“அம்மா, எங்கள் வீட்டுக் கூண்டில் ஆறு ஃபிஞ்ச் குருவிகளும் ஒரு கானரியும் இருக்கின்றன. பிள்ளைகள் அழுது கேட்டதால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினோம். நாள்தோறும் கூண்டைத் துடைக்கிறேன், தீனி வைக்கிறேன். அப்படியும் என் அத்தை, ‘இது பாவம், திறந்து விட்டுவிடு’ என்கிறார். திறந்துவிட்டால் காக்கை கொத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன். நான் செய்வது அறமா, பாவமா?” என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. ஏனெனில் அதே வினா நம் இல்லத்தின் பால்கனியிலும் ஒரு கூண்டின் வடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. “எண்ணிப் பார்த்து எழுதுகிறோம் அம்மா” என்று மட்டும் சொல்லி வந்தோம். அன்று சொல்லாத விடையை இன்று இப்பக்கங்களில் எழுதுகிறோம். அந்தத் தாய்க்கு மட்டுமன்றி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனப் பகுதிகளின் சிற்றூர்களை விட்டுத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, ஆதம்பாக்கம் என வந்து அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பயன்படலாம்.

கட்டுதல் என்னும் குற்றம்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தில் தலையாயது கொல்லாமை. கொல்லாமையை ஏற்றுக்கொண்டவர்கூட அறியாமல் வழுக்கி விழும் இடங்கள் ஐந்து உண்டென ஆன்றோர் வகுத்துள்ளனர். அவற்றை அதிசாரம் என்பர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றை விரித்துரைத்தார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் தமிழில் இவற்றை நமக்குத் தந்துள்ளது. உயிர்களைக் கட்டி வைத்தல் அல்லது அடைத்து வைத்தல், அடித்தல், உறுப்புகளைக் குறைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் கிட்டாமல் தடுத்தல் என்பனவே அவ்வைந்தும்.

இவற்றுள் அடைத்து வைத்தலும் ஒன்று என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாட்டை அடிப்பவனைக் கண்டால் நாம் பதறுகிறோம். பட்டினி போடுபவனைக் கண்டால் கடிந்து பேசுகிறோம். ஆனால் அழகிய கூண்டில் வண்ணக் குருவி தாவுவதைக் கண்டால் நம் முகம் மலர்கிறது. அங்கு அடியும் இல்லை, குருதியும் இல்லை. ஆகவே அது குற்றமாகத் தோன்றுவதில்லை. பார்வைக்குக் குற்றமாகத் தோன்றாத இக்குற்றத்தையும் ஆசாரியர்கள் சேர்த்தே எச்சரித்தனர்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் முத்தியிலம்பகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்வோம். இறுதியில் துறவை நாடும் சீவகன் தன் முற்பிறப்பை ஒரு சாரண முனிவர் வாயிலாகக் கேட்கிறான். அப்பிறப்பில் அவன் பவணமாதேவன் என்னும் மன்னனின் மகன் அசோதரன். நீர்நிலையில் விளையாடச் சென்றபோது ஓர் அன்னக் குஞ்சைப் பிடித்துவந்து, தன் மனைவியரின் மகிழ்ச்சிக்காக அரண்மனையில் வைத்து வளர்த்தான். அரசகுமாரன் வளர்த்த பறவைக்கு உணவில் குறைவிருந்திராது, பாதுகாப்பிலும் குறைவிருந்திராது. ஆயினும் தந்தை செய்தி அறிந்து, பறவையைச் சுற்றத்திலிருந்து பிரித்து வைப்பது தீவினை என்று அறிவுறுத்தினான். மகனும் மனம் திருந்தி அன்னத்தை விடுவித்தான். பின்னர்த் துறவும் பூண்டான். அப்படியிருந்தும் அந்தச் சிறு பிரிவின் வினை அவனை விடவில்லை. மறுபிறப்பில் சீவகன் பிறந்த பொழுதே தந்தையை இழந்தான். மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் தன்னை ஈன்ற தாய் விசயையையும் பிரிந்தான். பிறர் மனையில் வளர்ந்தான்.

சிறுமியர்க்கு இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் ஒன்றை வியந்ததுண்டு. அசோதரன் அன்னத்தைத் துன்புறுத்தவில்லை, விரும்பினான். விரும்பியதனாலேயே பிரித்தான். அவனுடைய குற்றம் வெறுப்பில் விளைந்ததன்று. தனதாக்கிக்கொள்ளும் ஆசையில் விளைந்தது.

திறந்துவிடுவது தீர்வாகுமா?

அப்படியாயின் அந்த மாமியார் சொன்னதுபோல் கூண்டைத் திறந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அசோதரனின் அன்னத்துக்கு அருகிலேயே தன் குளமும் தன் இனமும் இருந்தன. நம் வீட்டுக் கூண்டுகளின் நிலை வேறு.

ஜீப்ரா ஃபிஞ்ச் எனப்படும் சிறுகுருவியின் தாயகம் ஆஸ்திரேலியா. கானரி, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள கானரி, மடீரா, அசோர்ஸ் தீவுகளின் பறவை; ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக மனிதனின் கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்படுவது. சந்தையில் நாம் காண்பவை கூண்டிலேயே முட்டையிட்டுக் கூண்டிலேயே பொரிந்தவை. இரை தேடவும், வல்லூற்றின் நிழலைக் கண்டு பதுங்கவும், மழைக்கு ஒதுங்கவும் அவற்றுக்குப் பயிற்சி இல்லை. தாம்பரத்துத் தெருவில் அவற்றைத் திறந்துவிட்டால் காக்கைக்கும் பூனைக்கும் பசிக்கும் இரையாகும். “விடுதலை அளித்தேன்” என்னும் மன நிறைவு நமக்கு, சாவு அதற்கு. அதுவும் உயிர்க்கொலையே.

ஆனால் நம் நாட்டுப் பறவைகளின் செய்தி வேறு. பச்சைக்கிளி, சில்லை எனப்படும் தினைக்குருவி முதலியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அவை எவர் வீட்டிலேனும் இருப்பின் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பறக்கும் திறன் மீண்ட பின் அவற்றுக்குரிய இடத்தில் விடுவதை அவர்கள் பார்த்துக்கொள்வர். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் என வழங்கும் திகம்பர ஜினாலயத்தின் வளாகத்தில் நம் சமயத்தார் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடத்தி வருகின்றனர். நலம் பெற்ற பறவைகளை வானில் விடுவதே அங்குள்ள மரபு.

ஆகவே, வாங்கியது குற்றம், திறந்துவிடுவதும் குற்றம். இரண்டுக்கும் நடுவே இல்லறத்தார் செய்யக்கூடியது ஒன்றே. வாங்கியதனால் பட்ட கடனை, அவ்வுயிர் உள்ளளவும் நாள்தோறும் அடைத்து வருவதே அது. அந்தக் கடன் அடையும் இடம் கூண்டின் தரை.

தரையைக் கவனியாத பிழை

இதை நாம் நூலில் படித்து அறியவில்லை. ஓர் உயிரைப் பறிகொடுத்தே அறிந்தோம். சொல்ல நாணமாயினும் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைப் புறநகரை எவ்வாறு வாட்டியது என்பதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நம் தெருவில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மகனும் மருமகளும் பேரனும் உறவினர் திருமணத்திற்காக வந்தவாசிப் பக்கம் சென்றிருந்தவர்கள் திரும்ப முடியவில்லை. பேரனின் நான்கு ஃபிஞ்ச் குருவிகளும் நம் பொறுப்பில் இருந்தன.

சாரலுக்கு அஞ்சிக் கூண்டை உள்ளே கொண்டுவந்து ஓர் இருண்ட மூலையில் வைத்தோம். தரைத்தட்டில் விரித்திருந்த தாள் நனைந்திருந்தது. “மழை விடட்டும், மாற்றுவோம்” என்றிருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தீனிக்கிண்ணத்தைப் பார்த்தோம். நிறைந்திருந்தது. மறுநாளும் பார்த்தோம், நிறைந்தே இருந்தது. பறவைகள் ஏனோ குறைவாக உண்கின்றன என்று எண்ணிக்கொண்டோம்.

மூன்றாம் நாட்காலை வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு குருவி தரையில் கிடந்தது. ஏனைய மூன்றும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடித்தளத்திலேயே ஒடுங்கியிருந்தன. கிண்ணத்தை எடுத்து மெல்ல ஊதினோம். அத்தனையும் உமி! தினையையும் சாமையையும் உரித்துப் பருப்பை மட்டும் உண்டு தோலை அக்கிண்ணத்திலேயே உதிர்ப்பது இக்குருவிகளின் இயல்பு. மேலே நிறைந்து கிடந்தது தோல். உள்ளே ஒரு மணியும் இல்லை. இத்தனை சிறிய உடல் ஒரு நாள் பட்டினியையே தாங்குவது அரிது. மீந்திருந்த மூன்றும் பசியினால் தரைத்தட்டில் சிதறி ஊறிப் பூசணம் பிடித்திருந்த தினையைக் கொத்திக்கொண்டிருந்தன.

பேரன் திரும்பி வந்தபின் கேட்டது ஒன்றே: “பாட்டி, நீங்கள் தினமும் பார்க்கவில்லையா?”

பார்த்தோம். ஆனால் பார்த்தது மேற்பரப்பை மட்டுமே. ஐந்தாம் அதிசாரமாகிய உணவு தடுத்தலை, பிறர்க்குப் பாடம் சொல்லி வாழ்ந்த நாமே, நிறைந்த கிண்ணத்தின் முன் நின்றுகொண்டு செய்துவிட்டோம். கவனக்குறைவு என்று உலகம் இதனை எளிதில் மன்னித்துவிடும். நம் சமயம் அதனைப் பிரமாதம் என்று பெயரிட்டு, இம்சையின் வேர் என்று கூறுகிறது. கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இல்லாதது மட்டும் போதாது. காக்க வேண்டும் என்னும் விழிப்பும் வேண்டும்.

சமிதி காட்டும் வழி

விழிப்புக்கு நம் முனிவர்கள் தந்த பெயர் சமிதி. நடத்தல், பேசுதல், உண்ணுதல், பொருள்களை எடுத்தலும் வைத்தலும், கழிவை அகற்றுதல் ஆகிய ஐந்திலும் சிற்றுயிர்க்கும் ஊறு நேராதபடி கவனித்து ஒழுகுவதே ஐஞ்சமிதி. மயிற்பீலியால் இடத்தை வருடி, உயிர்களை ஒதுக்கிய பின்னரே முனிவர் அமர்கின்றார். இல்லறத்தார்க்கு அது முழுமையாக இயலாது. எனினும் கூண்டைத் துப்புரவு செய்யும் கால்மணி நேரத்தில் கடைசி இரண்டு சமிதிகளையும் நம்மால் இயன்றவரை பின்பற்றலாம். அன்று முதல் நாம் கைக்கொண்டுள்ள முறையை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, தரையில் எதை விரிப்பது என்பது. மரத்தூள், உமி, கடற்கரை மணல் ஆகியவற்றைச் சந்தையில் பலர் பரிந்துரைப்பர். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அவை எளிதில் பூசணம் பிடிக்கும். அப்பூசணத்தின் நுண்துகளும் மரத்தூளின் தூசியும் பறவையின் மூச்சுப்பைகளைக் கெடுக்கும். மணலில் எறும்பும் சிறுபூச்சியும் குடியேறும். எல்லாவற்றினும் எளியதும் நல்லதும் வெறுந்தாளே. மினுமினுப்பான வண்ண விளம்பரத்தாளை விட்டு, சாதாரணச் செய்தித்தாளையோ அச்சிடாத வெள்ளைத் தாளையோ தட்டின் அளவுக்கு வெட்டி ஏழெட்டு அடுக்காக விரித்து வைத்தால், நாள்தோறும் மேல் தாளை மட்டும் மடித்து எடுத்துவிடலாம். அடியில் ஈரம் கசிந்திருப்பின் எல்லாத் தாள்களையும் மாற்ற வேண்டும்.

வெறுந்தாளில் மற்றொரு நன்மையும் உண்டு. எச்சத்தின் நிறமும் இறுக்கமும் அதில் தெளிவாகத் தெரியும். வழக்கமான கருமையும் வெண்மையும் மாறி, நீர்த்தோ பச்சையாகவோ இருந்தால் அது நோயின் அறிகுறியாகலாம். உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். பறவை தன் நோயை இறுதிவரை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. மாணவனின் ஏட்டைப் பார்த்து அவன் மனநிலையை ஆசிரியர் அறிவதுபோல, அத்தாளைப் பார்த்தே நாம் அதன் உடல்நிலையை அறிய வேண்டும். மடித்துத் தூக்கி எறியுமுன் ஒரு நொடி நின்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கூண்டின் அமைப்பு. தட்டுக்கு மேலே கம்பி வலை இருந்தால் பறவை தன் எச்சத்தில் நடவாது. அவ்வலையின் கண்களில் சிறுவிரல் சிக்காதவாறு பார்த்து வாங்குதல் வேண்டும். அமரும் குச்சிக்கு நேர் கீழே தீனியையோ நீரையோ வைத்தல் கூடாது. எச்சம் அதில் விழும். குளிக்கும் நீர்த்தட்டைக் காலையில் வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டால் தரை நனையாது. இக்குருவிகள் மேலும் கீழுமாகப் பறப்பதைவிடப் பக்கவாட்டிலேயே பறக்கும். எனவே உயர்ந்து ஒடுங்கிய கூண்டினும் நீண்ட கூண்டே ஏற்றது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியை அடுத்து 1960இல் இயற்றப்பெற்ற விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும், உயிரொன்று இயல்பாக அசைய இடமில்லாத கூண்டில் அதனை அடைப்பது குற்றமென்றே கூறுகிறது.

மூன்றாவது, துப்புரவு. தீனிக்கிண்ணத்தை ஒவ்வொரு காலையிலும் எடுத்து, வாசலுக்கு வெளியே உமியை ஊதி நீக்கி, உள்ளே மணி இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தே மீண்டும் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை தட்டையும் வலையையும் குச்சிகளையும் கழற்றி, எங்கேனும் எறும்போ பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய தூரிகையால் அவற்றை ஒதுக்கிவிட்டு, வடிகட்டிய வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பிட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் முற்றும் காய வைத்த பின்னரே பொருத்த வேண்டும். ஈரத்துடன் பொருத்திய தட்டு கழுவாத தட்டைவிடத் தீயது.

பினாயில், அந்துருண்டை, கொசுவத்திப் புகை ஆகியன கூண்டின் பக்கமே வரலாகாது. வழிபாட்டு நேரத்துச் சாம்பிராணிப் புகையும் அப்படியே. பூசையறைக்கு அருகில் கூண்டை வைத்திருப்போர் இடம் மாற்றி வைப்பீராக. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்னறிந்து சொல்லக் கானரியையே கொண்டு சென்றனர். அப்பழக்கத்தைக் கைவிடும் அறிவிப்பு 1986இல்தான் வந்தது. மனிதன் உணருமுன் அப்பறவை மயங்கி விழும் என்பதே காரணம். நம் வீட்டுக் கூண்டிலும் அதே நுரையீரல்தான் இருக்கிறது.

நான்காவது, கழிவை எங்கே இடுவது என்பது. சாக்கடையிலோ, எறும்புப் புற்றின் மீதோ, பிறர் வாசலிலோ கொட்டுதல் கூடாது. உயிர்கள் ஊராத இடமாகப் பார்த்து, செடித்தொட்டியின் ஓரத்திலோ மரத்தடியிலோ சிறு பள்ளத்தில் இட்டு மெல்ல மண் மூடலாம்.

இவையனைத்தையும் பொழுது சாயுமுன் முடித்துவிட வேண்டும். இரவுணவை மறுத்தல் நமக்கு விரதம். அச்சிறு பறவைக்கோ அது இயல்பு. கதிரவன் மறைந்தபின் அது ஒரு மணியையும் தொடுவதில்லை. அந்நேரத்தில் விளக்கை ஏற்றிக் கூண்டைக் குடைவதும், பிள்ளைகள் தட்டி எழுப்புவதும் அதன் உறக்கத்தைக் கெடுப்பதாகும்.

பூச்சிகளின் உயிரும் உயிரே

இங்கே ஓர் ஐயம் எழும். அழுக்கான கூண்டின் இடுக்குகளில் செள் எனப்படும் சிவந்த நுண்பூச்சி பெருகும். பகலில் ஒளிந்திருந்து இரவில் வந்து பறவையின் குருதியை உறிஞ்சும். அதனை மருந்திட்டு அழிப்பது கொலையல்லவா? விட்டுவிட்டால் பறவை சாகுமே?

கூண்டில் வாடும் பறவை ஐயறிவுயிர். செள்ளும் எறும்பும் மூவறிவுயிர்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கும் இக்கட்டில் நம்மை நிறுத்துவது யார்? நம் சோம்பலே. ஈரமும் எச்சமும் தீனியும் தேங்கும் இடத்தில் உயிர்கள் தோன்றிப் பெருகுவது இயற்கை. தோன்றவிட்டுப் பின் கொல்வதைவிட, தோன்றுவதற்கு இடமளியாமல் காப்பதே அருகன் அடியார்க்குரிய தூய்மை. நாள்தோறும் தாளை மாற்றுபவர் அப்பூச்சிகளுக்கும் அபயம் அளித்தவரே ஆகிறார். அதையும் மீறி நோய் வந்துவிட்டால், மருத்துவர் கூறியதைச் செய்து, நேர்ந்த தீங்குக்காக அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் மனமுருகி வருந்துதல் வேண்டும். அவ்வருத்தம் மறுநாள் காலையில் துடைப்பமாக நம் கைக்கு வர வேண்டும்.

சௌசம் என்பது யாது?

இத்தனையும் புறத்தூய்மை. இனி அகத்தூய்மைக்கு வருவோம். பத்து அறங்களுள் சௌசம் என்பதற்கு நீராடுதலும் கழுவுதலும் மட்டும் பொருளன்று; உலோபம் நீங்கிய உள்ளமே சௌசம் என்று நம் ஆசாரியர்கள் பொருள் கூறினர். பிறருடையதை, பிறிதோர் உயிருக்குரியதை, எனதாக்கிக்கொள்ள விழையும் வேட்கையே உள்ளத்தின் எச்சம். அது தேங்கிக் கிடக்க, தரைத்தட்டை மட்டும் நாள்தோறும் மாற்றுவதில் பயனில்லை.

எனவே அந்த இளந்தாய்க்கும் நமக்கும் பொருந்தும் விடை இது. அம்மா, நீங்கள் கூண்டைத் துடைப்பது அறமே. ஆனால் அது புண்ணியம் ஈட்டும் அறமன்று. கடன் தீர்க்கும் அறம். கடன் தீர்ப்பவர் புதிய கடன் வாங்கலாகாது. சந்தைக்குச் சென்று இன்னொரு சோடி வாங்காதீர்கள். “ஒன்று தனித்துவிட்டது, துணை வேண்டும்” என்பீர்களாயின், அவ்வாறே ஒற்றைக் குருவியை வைத்துக்கொண்டு தவிக்கும் மற்றொரு வீட்டுடன் பேசி இரண்டையும் ஒரு கூண்டில் சேர்த்துவிடுங்கள். விலைகொடுத்து வாங்குவதைவிட அது மேல். கூண்டுக்குள் முட்டையிடும் பானையையும் கூடு கட்டும் நாரையும் வைக்காதீர்கள். ஆணையும் பெண்ணையும் அடுத்தடுத்த கூண்டுகளில், குரல் கேட்கும் தொலைவில் வையுங்கள். இட்ட முட்டையை எடுத்து எறிவது கொடிது; இடும் சூழலை அமைக்காதிருப்பது எளிது. நாம் விலைகொடுத்து வாங்குவதை நிறுத்தினால் வளர்ப்பவர் பெருக்குவதும் குறையும். இறுதிக் குருவி தன் ஆயுள் முடிந்து செல்லும் நாளில் கூண்டைக் கழுவிக் காயவைத்துப் பிரித்துவிடுங்கள். பிறருக்கு இரவலாகவும் கொடுக்காதீர்கள்.

உங்கள் அத்தையிடமும் ஒரு சொல் கூறுங்கள். அவர் ‘பாவம்’ என்றது உண்மை. திறப்பதற்கு மாறாக, மாலையில் ஒரு நாழிகை அவரும் கூண்டருகே அமர்ந்து நவகார மந்திரத்தை மெல்லிய குரலில் ஓதட்டும். சாகும் தருவாயில் இருந்த நாய்க்குச் சீவகன் ஓதிய மந்திரம் அதனைத் தேவனாக்கியதை அவர் அறிவார். சமவசரணத்தில் விலங்குக்கும் பறவைக்கும் ஒரு கோட்டம் ஒதுக்கிய சமயம் நம்முடையது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பிள்ளைகள் பறவையை விரும்புவது குற்றமன்று. அது அருளின் முளை. அதைக் கூண்டுப்பக்கம் திருப்பியவர்கள் பெரியவர்களாகிய நாமே. நம் சிற்றூர் வீடுகளில் தாழ்வாரத்து உத்தரத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நெற்கதிர்க் கொத்தை அதற்கென்றே கட்டித் தொங்கவிடுவார்கள். குருவி வந்தது, உண்டது, போயிற்று. எவரும் அதை எனது என்றதில்லை. அவ்வீட்டில் வளர்ந்த நாம், அடுக்ககத்துக்கு வந்ததும் பேரனின் அழுகைக்கு விலைகொடுத்து வாங்கினோம்.

தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மிக அண்மையில் உள்ளது. தெற்கே சற்றுத் தொலைவில் வேடந்தாங்கல் இருக்கிறது. இவ்விரண்டும் 2022இல் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பெற்றன. வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளை ஊரார் தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். வெள்ளையர் ஆட்சியில், 1798ஆம் ஆண்டளவில், வேட்டையாடுவோரைத் தடுக்க மாவட்ட ஆட்சியரிடமிருந்து உரிமை ஆணையே பெற்றனர் என்பது வரலாறு. அங்கே மரத்தில் அமர்ந்த பறவைகளின் எச்சம் ஏரிநீரில் விழுகிறது; அந்நீர் வயலுக்குப் பாய்ந்து எருவாகிறது. அதே எச்சம் நம் கூண்டில் நோயாகிறது. பறக்கும் உயிரின் கழிவை நிலமே ஏற்றுக்கொள்ளும். அடைத்து வைத்த உயிரின் கழிவுக்கு நாமே பொறுப்பாகிறோம்.

சென்ற தை மாதத்தில் பேரனை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றோம். நத்தைகுத்தி நாரைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், “பாட்டி, இவற்றுக்கெல்லாம் யார் தாள் மாற்றுவார்கள்?” என்று கேட்டான். நாம் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பியதும் அவனே சென்று கூண்டின் தாளை மாற்றினான், கிண்ணத்தை ஊதினான், விரலை விட்டுத் தினை இருப்பதைத் தொட்டுப் பார்த்தான். இப்போது நம் வீட்டில் இரண்டு குருவிகள் எஞ்சியுள்ளன. மூன்றாவதை அவன் கேட்பதில்லை.

திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் அமைதியே வடிவாக நிற்கும் நேமிநாதப் பெருமானைத் தரிசிக்காத நம்மவர் சிலரே இருப்பர். திருமண ஊர்வலத்தில் தேரில் சென்றவர், பட்டியில் அடைபட்டுக் கதறும் உயிர்களைக் கண்டார். “இவை எதற்காக?” என்று தேர்ப்பாகனிடம் கேட்டார். தம் பொருட்டே என்று அறிந்த கணமே தேரைத் திருப்பினார், உலகையே துறந்தார். அத்துறவு நமக்கு இப்போது கூடாதெனினும், அவ்வினாவை எழுப்பும் ஆற்றல் நமக்கு உண்டு. நாளைக் காலையில் தாளை மாற்றும்போது, “இவ்வுயிர் இங்கே எதற்காக?” என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கை தன் வேலையைச் செய்யட்டும்; உள்ளம் அவ்வினாவுக்கு விடை கூறட்டும்.

இவ்வாண்டு முதல் கூண்டுப்பறவையை விலைகொடுத்து வாங்குவதில்லை என்றும், இருக்கும் பறவைக்கு ஒரு நாளும் கவனம் குறைவதில்லை என்றும் நம் இல்லங்களில் உறுதி பூணுவோமாக.

எல்லா உயிர்களும் இன்புறுக! அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!